எவர் வாழ்ந்தவர்? கடை வைத்தவரும் மூட்டை சுமந்தவரும்

ஒரே கப்பலில் வந்து, ஒரே துறைமுகத்தில் இறங்கி, வெள்ளிக்கிழமைதோறும் ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்று தொழுத இரு சாராரைப் பற்றி இங்கே பேச விரும்புகிறோம். இரு சாராரும் தமிழர். இரு சாராரும் முஸ்லிம்கள். இரு சாராரும் பிழைப்பை நாடி அக்கரைச் சீமைக்கு வந்தவர்கள். ஒரு சாரார் கடை வைத்தனர். மற்றொரு சாரார் மூட்டை சுமந்தனர். இவ்விருவரில் நன்றாக வாழ்ந்தவர் எவர்?

இக்கேள்வியைக் கடைவீதியில் கேட்டால் விடை உடனே வந்துவிடும். "இதிலென்ன ஐயம்? முதலாளி எங்கே, கூலிக்காரர் எங்கே?" என்பர். பேரேட்டைப் புரட்டிப் பார்த்து விடை சொல்வது வணிகருக்கு இயல்பு. அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால், பேரேட்டில் ஏறாத வரவும் உண்டு. பேரேட்டில் ஏறாத செலவும் உண்டு. அவற்றையும் சேர்த்துக் கூட்டிக் கழித்தால் கடைசியில் மிச்சம் எவர் பக்கம் நிற்கும்? இதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் முன்னோரைக் குறை கூறுவதோ, ஒரு சாராரை உயர்த்தி மற்றொரு சாராரைத் தாழ்த்துவதோ நம் கருத்தன்று. இரு சாராரும் நம்மவர்களே. அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை நமக்கு ஒரு பாடம். பாடத்தைப் படிக்காமல் மூடி வைப்பது அறிவுடைமையாகாது.

கடை வைத்தவர்கள்

நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், தோப்புத்துறை, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், பனைக்குளம், கீழக்கரை ஆகிய ஊர்களைச் சேர்ந்தவர்களுக்குக் கடற்பயணம் புதிதன்று. 1819-இல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் கால் வைத்த சில ஆண்டுகளிலேயே இவர்கள் இங்கு நிலைபெற்று விட்டனர் என்பதற்கு இவர்கள் எழுப்பிய பள்ளிவாசல்களே சாட்சி. சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826-இல் தோன்றியது. தெலுக் ஆயர் தெருவில், குச்சுப் பள்ளி என்று நம்மவர் அழைத்த அல் அப்ரார் பள்ளிவாசல் 1827-இல் தோன்றியது. அதே தெருவில் நாகூர் தர்கா 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டப்பட்டது. பினாங்கிலோ இதற்கும் முன்னதாக, 1801-லேயே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எழுந்துவிட்டது. கையில் பொருளும் நெஞ்சில் நம்பிக்கையும் உள்ள சமூகமே இவ்வளவு விரைவில் இறைவனுக்கு இல்லம் எடுக்கும்.

துணிக்கடை, மளிகைக்கடை, புத்தகக்கடை, உணவுக்கடை, நாணயமாற்று என்று இவர்கள் கை வைக்காத தொழில் குறைவு. கடையைப் பங்காளிகள் முறை வைத்து நடத்துவர். ஒருவர் இரண்டு மூன்று ஆண்டுகள் இங்கே கடையைப் பார்ப்பார். மற்றவர் ஊரில் இருப்பார். பிறகு இவர் ஊருக்குப் போக, அவர் கப்பலேறி வருவார். கடைப் பையன்களும் பெரும்பாலும் ஊரிலிருந்து வந்த உறவுப் பையன்களே. பகலில் கீழே வியாபாரம். இரவில் மாடியில் வரிசையாகப் பாய். எல்லாருக்கும் ஒரே சட்டியில் சோறு. மனைவி மக்கள் ஊரில்.

இப்படிக் கடல் கடந்து போய் வருபவருக்குக் கடலோர ஊர்களில் 'சபுராளி' என்று பெயர். சபுராளி அனுப்பும் பணத்தில் ஊர் செழித்தது. ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின. பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் எழுந்தன. கூத்தாநல்லூரைச் 'சின்ன சிங்கப்பூர்' என்று சுற்றுவட்டாரத்தார் அழைக்கலாயினர். இது சிறிய சாதனையன்று.

மூட்டை சுமந்தவர்கள்

மற்றொரு சாரார் கடலோரத்தவரல்லர், மேற்கு மலையடிவாரத்தவர். கடையநல்லூரும் தென்காசியும் அவர்கள் ஊர். தறியே அவர்கள் தொழில். ஆலைத் துணி வந்து கைத்தறியை நெருக்கியபோது நெசவாளன் வீட்டில் அடுப்பு அணைந்தது. தறியை விட்டு எழுந்தவர்கள் கப்பலேறினர். முதல் இல்லை, கடை இல்லை, அழைத்து வைத்துக்கொள்ள மாமன் மச்சான் இல்லை. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கூலி வேலை கிடைத்தது. துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் வட்டாரம் அவர்களுடைய குடியிருப்பாயிற்று.

இவர்கள் செய்த ஒரு காரியம் அக்காலத்து இந்தியரிடையே அரிதானது. இவர்கள் மனைவி மக்களையும் உடன் அழைத்து வந்தனர். வசதி படைத்தவர் ஊரில் விட்டு வந்ததை வசதியற்றவர் கையோடு கொண்டு வந்தார்கள் என்பது வியப்புக்குரியது. இதற்குக் காரணம் என்னவாக இருக்கலாம்? நாம் இவ்வாறு கருதுகிறோம்: நெசவாளன் வீட்டில் வீடு வேறு, தொழில் வேறு அன்று. கணவன் தறியில் அமர்ந்தால் மனைவி நூல் சுற்ற வேண்டும். பிள்ளை பாவுக்குக் கை கொடுக்க வேண்டும். குடும்பம் பிரிந்தால் தறி ஓடாது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்குக் குடும்பத்தைப் பிரிந்து பிழைப்பது என்ற எண்ணமே எளிதில் வந்திராது. முதல் இல்லாதவனுக்குக் குடும்பமே முதல்!

இங்கு வந்த பெண்களும் கைகட்டி இருக்கவில்லை. அம்மியில் மசாலா அரைத்துச் சந்தையில் விற்றனர். பலகாரம் சுட்டு விற்றனர். ஆணின் கூலியோடு பெண்ணின் காசும் சேர்ந்துதான் உலை கொதித்தது.

பணத்தால் அளந்தால்

நிற்க. முதலில் பணத்தால் அளந்து பார்ப்போம். இதில் வழக்கே இல்லை. கடை வைத்தவர் வென்றார். அவருக்கு ஊரில் வீடு உண்டு, நிலம் உண்டு, பெண்மக்களுக்கு நகை உண்டு. மூட்டை சுமந்தவருக்கு ஓர் அறை. அந்த அறையிலேயே சமையல், படுக்கை, பிரசவம் எல்லாம். கப்பல் வந்த நாளில் கூலி. வராத நாளில் கடன். நெருக்கடியையும் நோயையும் அவர் அறிந்த அளவுக்குக் கடைக்காரர் அறிந்ததில்லை. ஏழ்மையைப் பார்த்து "அதிலும் ஓர் இன்பம் உண்டு" என்று பாடுவது வயிறு நிரம்பியவர்கள் வேலை. அந்தப் பாட்டை நாம் பாட மாட்டோம்.

ஆனால், பணம் என்பது எதையோ வாங்குவதற்கான பொருள். வாங்க வேண்டியதை வாங்காமல் பணத்தையே பார்த்து மகிழ்பவனை நம் மார்க்கமும் புகழவில்லை. நம் தமிழும் புகழவில்லை. ஆகவே அந்தப் பணம் எதை வாங்கிற்று, எதை வாங்கத் தவறிற்று என்று அடுத்துக் கேட்க வேண்டியதாகிறது.

உடன் வாழ்ந்த நாட்களால் அளந்தால்

1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி சிங்கப்பூரில் இந்தியப் பெண்கள் ஆயிரம் பேர் இருந்தால் இந்திய ஆண்கள் ஐயாயிரம் பேருக்கும் மேல் இருந்தனர். 1957-லும் பெண்களைப் போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட ஆண்கள். இந்த எண்களுக்குப் பின்னால் எத்தனை ஆயிரம் வீடுகளில் ஒரு பாய் விரிக்கப்படாமல் சுருண்டு கிடந்தது என்பதை எந்தக் குடிக்கணக்கும் எழுதவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று ஆண்டு இங்கே, ஆறு மாதம் ஊரில் என்று ஒருவர் எட்டு முறை போய் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 28 ஆண்டுகள் ஆகின்றன. அதில் அவர் மனைவியோடும் மக்களோடும் இருந்தது 4 ஆண்டுகள். இருபதில் மணமுடித்தவர் ஐம்பதை நெருங்கும்போது, தம் மனைவியோடு வாழ்ந்தது ஒரு கைவிரல் எண்ணிக்கைக்கும் குறைவான ஆண்டுகள்! பிள்ளை நடக்கத் தொடங்கியதைக் கடிதத்தில் படித்தார். ஓதி முடித்ததைக் கடிதத்தில் படித்தார். தாயார் மறைந்த செய்தியையும் கடிதத்தில்தான் படித்தார். ஊருக்குப் போய் இறங்கினால், "யாரும்மா இந்த மாமா?" என்று தாயின் முந்தானைக்குப் பின்னால் ஒளிகின்ற பிள்ளைக்குப் பட்டுச் சட்டையை நீட்டினார்.

தஞ்சோங் பகார் அறையில் பட்டுச் சட்டை இல்லை. ஆனால், அந்தப் பிள்ளைக்குத் தன் தகப்பன் யார் என்ற ஐயமும் இல்லை.

இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றிய வரலாறு ஒன்று நம்மில் பலருக்குத் தெரியும். இரவில் மதீனாவின் தெருக்களைச் சுற்றி வந்தபோது, போர்முனைக்குப் போன கணவனை எண்ணி ஒரு பெண் வருந்திப் பாடியது அவர்கள் காதில் விழுந்தது. தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, ஒரு பெண் கணவனைப் பிரிந்து எத்தனை காலம் பொறுத்திருப்பாள் என்று கேட்டார்கள். அதன்பின் வீரர்கள் பிரிந்திருக்கும் காலத்துக்கு ஒரு வரம்பு வகுத்தார்கள். நான்கு மாதம் என்பது ஓர் அறிவிப்பு. ஆறு மாதம் என்பது மற்றோர் அறிவிப்பு. எதுவாயினும் பேரரசின் போர்க்களமே ஒரு பெண்ணின் தனிமைக்காகத் தன் ஒழுங்கை மாற்றிக்கொண்டது. நம் துணிக்கடையும் மளிகைக்கடையும் அந்தப் போர்க்களத்தைவிட அவசரமானவையா?

கல்வியால் அளந்தால்

கடையநல்லூரார் 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீகை அமைத்தனர். அடுத்த ஆண்டே ஜப்பானியர் ஆட்சி வந்தது. 1945-இல் அது ஒழிந்தது. ஊர் முழுதும் பசி. துறைமுகம் இடிந்து கிடந்த நேரம். அந்த நேரத்தில், 1946-இல், அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். அதற்கு உமறுப் புலவர் என்று பெயரிட்டனர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தவர் கீழக்கரைப் பெருவணிகர் வள்ளல் சீதக்காதி. வணிகர் ஆதரித்த புலவருக்குக் கடல் கடந்த நாட்டில் நினைவாலயம் எழுப்பியவர்கள் மூட்டை சுமந்தவர்கள்! அப்பள்ளி பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. சிங்கப்பூரில் அவ்வாறு வளர்ந்த தமிழ்ப் பள்ளி அது ஒன்றே. 1982-இல் அது மூடப்பட்டது. ஆயினும் அதன் பெயரை அடுத்த ஆண்டு தோன்றிய உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது.

கடை வைத்தவர்கள் கல்விக்கு ஒன்றும் செய்யவில்லையா? செய்தார்கள், நிறையச் செய்தார்கள். தமிழகத்தில் 1951-இல் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரி தோன்றியது. 1955-இல் அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி தோன்றியது. இத்தகைய கல்லூரிகளுக்கு அடித்தளம் வணிகச் செல்வமே. அவற்றில் படித்து உயர்ந்தோர் பல்லாயிரவர். இதை மறைப்பது நன்றியின்மை.

எனினும் ஒரு வேற்றுமை உண்டு. பிள்ளை இருக்குமிடத்தில்தான் தகப்பனின் அக்கறை வேரூன்றும். கடை வைத்தவருக்குப் பிள்ளை அக்கரையில். ஆகவே கல்வி நிலையமும் அக்கரையில். மூட்டை சுமந்தவருக்குப் பிள்ளை இங்கே. ஆகவே பள்ளியும் இங்கே. முன்னவர் இந்நாட்டில் வழிபாட்டுக்கு இடம் செய்தார்; பின்னவர் இந்நாட்டில் வருங்காலத்துக்கு இடம் செய்தார்.

காலம் மாறியபோது

ஒரு சமூகத்தின் உறுதி நல்ல காலத்தில் தெரியாது. கெட்ட காலத்தில் தெரியும்.

1942 முதல் 1945 வரை கடல் வழி அடைபட்டது. மூன்றரை ஆண்டுகள் இங்கிருந்து ஊருக்குப் பணமும் இல்லை, கடிதமும் இல்லை. இங்கே இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்பது அங்கே தெரியாது. அங்கே அடுப்பு எரிகிறதா என்பது இங்கே தெரியாது. இங்கே குடும்பத்தோடு இருந்தவர்களும் மரவள்ளிக் கிழங்கைத் தின்று கிடந்தவர்கள்தாம். அவர்கள் பட்டினி குறைவானதென்று எவரும் சொல்ல முடியாது. ஆனால், அந்தக் கிழங்கை யாருக்கு முதலில் பங்கிடுவது என்று தீர்மானிக்கத் தாயும் தகப்பனும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர்.

போருக்குப்பின் சட்டம் வந்தது. 1953 முதல் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் வாயிலைச் சுருக்கியது. 1959-இல் மலாயாவில் அது மேலும் இறுக்கப்பட்டது. நெடுங்காலம் பிரிந்திருந்த மனைவியரும் வயது கடந்த பிள்ளைகளும் வந்து சேர்வது கடினமாயிற்று. "அடுத்த முறை அழைத்து வரலாம்" என்று தள்ளிப்போட்டவர்களில் பலருக்கு அந்த அடுத்த முறை வரவேயில்லை. 1969-க்குப் பின் மலேசியாவில் குடியுரிமை இல்லாதவருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, பாதி வாழ்நாளை அங்கே கழித்த பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்ப நேர்ந்தது. கப்பலும் நிலைக்கவில்லை. ரஜூலா போயிற்று, பின்னர் வந்த சிதம்பரம் கப்பலில் 1985-இல் தீ மூண்டதோடு அந்தக் கடல்வழிப் போக்குவரத்தே முடிவுற்றது.

தொழிலும் மாறியது. 1972-இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது. மூட்டை சுமக்கும் முதுகுக்கு வேலை குறைந்தது. ஆனால், சுமந்தவரின் பிள்ளைகள் அதற்குள் பள்ளிக்கூடம் கண்டுவிட்டனர். அவர்கள் மூட்டையை வாரிசாகப் பெற வேண்டிய கட்டாயம் இல்லை. 1989-இல் நாணயமாற்றுக்குப் பெயர் பெற்ற சேஞ்ச் ஆலி மூடப்பட்டது. பெருங்கடைகளும் பேரங்காடிகளும் வந்தன. பல பழைய கடைகளுக்கு, அவற்றை ஏற்று நடத்த இங்கே வளர்ந்த பிள்ளை இல்லாதது பெருங்குறையாயிற்று. பிள்ளையை உடன் வைத்திருந்த வணிகக் குடும்பங்களோ இன்றும் தலைநிமிர்ந்து நிற்கின்றன. ஆகவே வேற்றுமை கடைக்கும் கூலிக்கும் இடையே உள்ளதன்று. சேர்ந்து வாழ்ந்ததற்கும் பிரிந்து வாழ்ந்ததற்கும் இடையே உள்ளது.

மறுப்புக்கு விடை

இங்கே சில அன்பர்கள் குறுக்கிட்டுக் கேட்கலாம்.

"கடை மாடியில் பெண்களை எப்படிக் குடிவைப்பது? ஊரிலோ பெண்ணுக்குச் சொந்த வீடு உண்டு. தாயும் சகோதரிகளும் துணை உண்டு. அங்கே இருப்பதுதானே அவளுக்கு மானம், பாதுகாப்பு?" என்பர். இது வலுவான வாதம். கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்மக்களுக்கே வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. மணமான பின்னும் மகள் தாய் வீட்டிலேயே வாழ்வாள். சபுராளியின் மனைவி திக்கற்றவளல்லள். அவளைச் சுற்றி உறவு இருந்தது. அந்த ஏற்பாட்டில் ஓர் அறிவும் அன்பும் இருந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், துணை இருந்தது என்பதும் கணவன் இருந்தான் என்பதும் ஒன்றாகிவிடா. பாட்டியும் சிற்றன்னையும் பிள்ளைக்கு எல்லாம் ஆகலாம். தகப்பன் ஆக முடியாது.

"அவர்கள் தங்களுக்காகவா பிரிந்தார்கள்? குடும்பத்துக்காகத்தானே பட்டினி கிடந்து சேர்த்தார்கள்?" என்பர். உண்மை. அந்தத் தியாகத்தை மதிக்காதவன் மனிதனல்லன். ஆனால், தியாகத்தில் இரண்டு வகை உண்டு. ஒருவன் தானே தேர்ந்து தான் மட்டும் சுமப்பது ஒரு வகை. ஒருவன் தேர்ந்து, பிறரும் சேர்ந்து சுமப்பது மற்றொரு வகை. சபுராளி கப்பலேறுவது என்று முடிவு செய்தார். காத்திருப்பது என்று அவர் மனைவி முடிவு செய்தாளா? தகப்பனில்லாமல் வளர்வது என்று பிள்ளை முடிவு செய்ததா? தியாகத்தின் புகழ் ஒருவருக்கும் அதன் பாரம் பலருக்கும் போய்ச் சேர்ந்தது. நீதியின் தராசில் இதையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

"அப்படியானால் ஏழையாக இருப்பதே மேல் என்கிறீர்களா?" என்று கடைசியாகக் கேட்பர். இல்லை. கடையநல்லூரார் வாழ்ந்தது ஏழ்மையினால் அன்று. ஏழ்மை இருந்தும் வாழ்ந்தார்கள். அவர்களிடம் கடைக்காரரின் முதலும் இருந்திருக்குமானால் இன்னும் நன்றாக வாழ்ந்திருப்பர். பொருள் வேண்டாம் என்பது நம் வாதமன்று. பொருளுக்கு எவ்வளவு விலை கொடுப்பது என்பதே நம் கேள்வி. சரக்கைக் கொள்முதல் செய்யும்போது விலை கேட்காத வியாபாரி எவரும் இல்லை. செல்வத்தைக் கொள்முதல் செய்யும்போது மட்டும் விலை கேட்காமல் வாங்கலாமா?

அழுகும் சரக்கும் இருக்கும் சரக்கும்

இவற்றிலிருந்து நாம் பெறும் கொள்கை என்ன? வியாபாரிகளுக்கு வியாபார மொழியிலேயே சொல்லலாம். கடையில் இரண்டு வகைச் சரக்கு உண்டு. அரிசியும் மிளகும் இருக்கும் சரக்கு. இன்று விற்காவிட்டால் அடுத்த மாதம் விற்கலாம். கீரையும் மீனும் அழுகும் சரக்கு. அன்றன்றைக்கே கைமாற வேண்டும். மீனை மூட்டைகட்டிக் கிடங்கில் போட்டு, "விலை ஏறட்டும்" என்று காத்திருப்பவனை ஊரே நகைக்கும்.

மனித வாழ்விலும் அவ்வாறே. வீடும் நிலமும் நகையும் இருக்கும் சரக்கு. அவை காத்திருக்கும். பிள்ளையின் மழலை, மனைவியின் இளமை, பெற்றோரின் முதுமை ஆகியவை அழுகும் சரக்கு. அவற்றை நாளைக்கு என்று ஒதுக்கி வைக்க முடியாது. "சேர்த்தபின் வாழலாம்" என்று தவணை கேட்பவன் தன் கணக்கை மட்டும் அன்று, பிறர் கணக்கையும் தள்ளி வைக்கிறான்.

ஆகவே ஒரு சமூகத்தின் நலத்தை அளக்க மூன்று கேள்விகள் போதும் என்று நாம் கருதுகிறோம். எவ்வளவு ஈட்டியது? ஈட்டியதை யாரோடு சேர்ந்து உண்டது? ஈட்டுவதற்கான துன்பத்தை யார் தலையில் வைத்தது? முதற் கேள்விக்கு மட்டும் விடை சொல்லிவிட்டு "நாங்கள் வாழ்ந்தோம்" என்று எவரும் சொல்ல முடியாது.

இன்றைய சபுராளிகள்

இது பழங்கதைதானே, இன்று நாமெல்லாம் குடும்பத்தோடுதானே இருக்கிறோம் என்று அன்பர்கள் நினைக்கக் கூடும். இரண்டு செய்திகளை நினைவூட்ட விரும்புகிறோம்.

முதலாவது, சபுராளி மறைந்துவிடவில்லை. அவர் இப்பொழுது நம் கடையில் வேலை செய்கிறார். சிங்கப்பூரில் இந்திய உணவகங்கள் 2023 செப்டம்பர் முதல் வேலை அனுமதிச் சீட்டிலும் சமையலாளரை அழைத்துவரச் சட்டம் இடம் தருகிறது. அந்தச் சீட்டில் வருபவர் மனைவி மக்களை உடன் வைத்து வாழ இயலாது. அன்று நம் முன்னோர் தாமே விட்டு வந்தனர். இன்று சட்டமே பிரித்து வைக்கிறது. சட்டத்தை நாம் மாற்ற இயலாமல் இருக்கலாம். ஆனால், சட்டம் அனுமதித்த பிரிவுக்குமேல் ஒரு நாளையும் நாம் கூட்டாமல் இருக்கலாம் அல்லவா?

இங்கே இரவு பத்து மணியாகும்போது ஊரில் ஏழரை மணி. அந்நேரம் தொழிலாளியின் கை ஓய்ந்தால், தூங்குவதற்கு முன் தன் பிள்ளையின் முகத்தைத் தொலைபேசியில் பார்த்துப் பேசலாம். நள்ளிரவு வரை பாத்திரம் கழுவ வைத்தால் பிள்ளை உறங்கிவிடும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. மனம் ஒன்றே வேண்டும். சம்பளத்தைக் குறித்த நாளில் கொடுத்தல், ஆண்டுக்கொரு முறையேனும் கடைச் செலவில் ஊருக்கு அனுப்பி வைத்தல், தாய் தந்தை மறைந்த செய்தி வந்தால் "சீசன் முடியட்டும்" என்று சொல்லாமல் அன்றே விமானமேற்றி விடுதல் ஆகியவை தர்மமல்ல, கடமை. சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் முதல் சம்பளத்துக்கு விவரச் சீட்டு கொடுப்பது சட்டப்படி கட்டாயம். சீட்டில் எழுதும் வெள்ளி போக, எழுத இடமில்லாத கடன் ஒன்றும் நம்மீது இருக்கிறது. சபுராளியின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கே அது தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

இரண்டாவது, பிரிவதற்குக் கப்பல் வேண்டியதில்லை. காலையில் பிள்ளை எழுமுன் கடைக்குப் போய், இரவு பிள்ளை உறங்கியபின் வீடு திரும்பும் தகப்பன், ஒரே வீட்டில் இருந்துகொண்டே சபுராளியாகி விடுகிறார். ஒரே ஊர், ஒரே கூரை, ஒரே சாவி. ஆனாலும் பிள்ளைக்கும் அவருக்கும் நடுவே வங்கக் கடல்! நாகூரிலிருந்து வந்தவருக்குக் கடல் தடையாயிருந்தது. இவருக்கு என்ன தடை?

சகோதரர்களே! எவர் வாழ்ந்தவர் என்ற கேள்விக்குப் பழைய தலைமுறையின் கணக்கு முடிந்துவிட்டது. அதை இனித் திருத்த எவராலும் ஆகாது. நம் கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. இன்றிரவு கடையைச் சாத்தும்போது கல்லாவை எண்ணுங்கள், எண்ண வேண்டியதுதான். எண்ணி முடித்தபின், இன்று உங்களுடன் உண்டவர் எத்தனை பேர், உங்களுக்காகக் காத்திருந்து உறங்கிப் போனவர் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் கடைப் பையனுக்காக ஊரில் காத்திருப்பவரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு, நாளைக்குக் கடையை எத்தனை மணிக்குச் சாத்துவது என்பதை நீங்களே முடிவு செய்வீர்கள்.